கம்பெனிப் பங்குகளின் பழைய விலையும் அதனைப் படிக்கும் முறையும்

வீடு நிலங்களின் பூர்வோத்தரத்தைப் பத்திரங்களைக் கொண்டும், பொன் நகைகளின் பூர்வோத்தரத்தைப் பெட்டிக் கணக்கைக் கொண்டும் அறிந்துகொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கம்பெனிகளின் பங்குகளாகிய ஷேர்களின் பூர்வோத்தரமோ அங்ஙனம் எளிதில் அறியக்கூடியதன்று. இக்காலத்தில் எந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னாலும் அதன் முப்பது வருஷத்து விலையைக் கைபேசி கணப்பொழுதில் காட்டிவிடுகிறது. காட்டுவது எளிதாயிருப்பதனால் படிப்பதும் எளிதென்று எண்ணி மோசம்போகிறவர் பலர். அவ்விதம் எண்ணியதனால் ஒரு குடும்பத்தில் நேர்ந்த மனஸ்தாபமே இவ்வியாசத்தை எழுதும்படி நம்மைத் தூண்டிற்று.

நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் காலஞ்சென்ற பின்பு, அவருடைய குமாரரும் குமாரத்தியும் பாகப்பிரிவினை விஷயமாக நம்மிடம் வந்தனர். பெயர்கள் இங்கே வேண்டுவதில்லை. தகப்பனார் தம் கைப்பட எழுதிவைத்த கணக்குப் புத்தகத்தில், 1993ஆம் வருஷத்துப் பக்கம் ஒன்றில், இன்போசிஸ் கம்பெனிப் பங்கு 100, வீதம் ரூ.95, ஆக ரூ.9,500 என்றும், இதில் ரூ.4,750 பெரியவன் சம்பளத்திலிருந்து கொடுத்தது என்றும் எழுதியிருந்தது. 1996ஆம் வருஷத் தொடக்கத்தில் மாடி கட்டுவதற்காக 190 பங்குகளை விற்ற வரவும், ‘மீதி 10’ என்ற குறிப்பும் வேறொரு பக்கத்தில் காணப்பட்டன. அந்தப் பத்துப் பங்கு இன்று 5,120 பங்குகளாக அவர் பெயரில் நிற்கிறது. அவர் விட்டுச் சென்ற சொத்துக்களில் இதுவே பெரியது.

போட்ட பணத்தில் பாதி தம்முடையதாதலால் அப்பாதியைக் கழித்த பின்னரே மீதியைப் பங்கிட வேண்டும் என்றார் தமையனார். தங்கையார் கைபேசியிலிருந்து அச்சிட்டு எடுத்துவந்த விலைப் பட்டியலை நம் முன் வைத்தார். அப்பட்டியல் 1996க்கு முன் செல்லவில்லை; அவ்வருஷத் தொடக்கத்தில் இன்போசிஸ் பங்கின் விலை ஒரு ரூபாய்க்கும் குறைவாக அதில் இருந்தது. “மூன்று வருஷம் கழித்தும் ஒரு ரூபாய் பெறாத சரக்கை அப்பா தொண்ணூற்றைந்து ரூபாய்க்கு வாங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? நூறு வாங்கியவர் நூற்றுத் தொண்ணூறு விற்றது எப்படி? இந்தப் பக்கமே பிற்பாடு எழுதிச் சேர்த்தது, அண்ணா” என்று அவர் சொன்னபொழுது, தமையனார் பதில் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் எண்களில் தேர்ச்சியுடையவர் அல்லர். தகப்பனார் எழுத்தே சாட்சி என்பதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளபடி பார்த்தால் கணக்குப் புத்தகமும் மெய், பட்டியலும் மெய். இரண்டும் வெவ்வேறு பங்குகளைப்பற்றிப் பேசுகின்றன என்பதே விஷயம். இதனை விளக்க அக்கம்பெனியின் விருத்தாந்தத்தைச் சிறிது சொல்ல வேண்டும்.

இன்போசிஸ் 1981ஆம் வருஷத்தில் ஏழு எஞ்சினீயர்களால் புனே நகரில், பதினாயிரம் ரூபாய் முதலுடன் தொடங்கப்பெற்று, பின்னர் பெங்களூருக்கு மாறிய கம்பெனி. 1993ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அது பொதுமக்களுக்குப் பங்கு வழங்கியது. முகமதிப்பு ரூ.10 உள்ள பங்கு ஒன்றுக்கு ரூ.95 கேட்டது. கம்ப்யூட்டர் வேலை செய்யும் கம்பெனிக்கு யந்திரசாலையும் இல்லை, நிலமும் இல்லை, எதை நம்பிப் பணம் போடுவது என்று ஜனங்கள் தயங்கினார்கள்; கேட்ட தொகை முழுவதும் சேரவில்லை. மார்கன் ஸ்டான்லி என்னும் அமெரிக்க ஸ்தாபனம் நூற்றுக்குப் பதின்மூன்று பாகத்தை அதே விலைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பங்கு மார்க்கெட்டில் முதல் வியாபாரம் ரூ.145 விலையில் நடந்தது. ஆகவே தகப்பனார் எழுதிய 95 என்னும் எண் அன்று எவரும் அறிந்த எண்.

அதன் பின்பு கம்பெனி தன் பங்குகளைப் பன்முறை பெருக்கியது. 1994இல் ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸாகக் கொடுத்தது, நூறு இருநூறாயிற்று. நூறு வாங்கியவர் 190 விற்று 10 மீதி வைத்த மர்மம் இதுவேயன்றி வேறில்லை. 1997இலும் 1999இலும் மறுபடி ஒன்றுக்கு ஒன்று. 2000இல் பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்ப் பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2004இல் ஒரு பங்குக்கு மூன்று பங்கு போனஸ். பின்னர் 2006, 2014, 2015, 2018 ஆகிய வருஷங்களில் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று. மீதியிருந்த பத்து, இருபது, நாற்பது, எண்பது, முந்நூற்றிருபது என்று வளர்ந்து 640, 1,280, 2,560, கடைசியில் 5,120 ஆன கணக்கை ஒரு காகிதத்தில் எழுதித் தங்கையார் கையில் கொடுத்தோம். முதலில் வாங்கிய நூறில் ஒன்றையும் விற்காமல் வைத்திருந்தவருக்கு 1,02,400 பங்குகள் இருக்கும். (மாடி கட்டாமலிருந்திருக்கலாமே என்று இப்பொழுது வருந்துவதில் பயனில்லை.)

இனிப் பட்டியலின் நியாயத்தைப் பார்ப்போம். ஒரு பங்கு இரண்டாகும் நாளில் கம்பெனியின் சொத்தும் தொழிலும் இரட்டிப்பதில்லை. ஆகையால் பங்கின் விலை ஏறக்குறையப் பாதியாகிவிடும். 2004இல் ஒன்று நான்கானபோது விலை நாலிலொன்றாயிற்று. இதனை அப்படியே எழுதினால், வரிசையைப் பார்க்கிறவர் ஒரே நாளில் கம்பெனி முக்கால் பாகம் அழிந்துபோயிற்று என்று திடுக்கிடுவர். அவ்விதம் நேராதபடி, பட்டியல் தயாரிப்போர் பழைய விலைகளையெல்லாம் இன்றைய பங்கின் அளவுக்கு வகுத்துக் குறைத்து எழுதுகின்றனர். இதற்குத் திருத்திய விலை என்று பெயர் சொல்லலாம். 1996ஆம் வருஷத்து ஒரு பங்கு இன்றைய 512 பங்குகளுக்குச் சமம். தங்கையாருடைய பட்டியலில் கண்ட விலையை 512ஆல் பெருக்கினோம். தகப்பனார் விற்ற வரவாக எழுதியிருந்த விலை ஏறக்குறைய வந்துவிட்டது. 1993ஆம் வருஷத்து ரூ.95ஐ 1,024ஆல் வகுத்தால் சுமார் ஒன்பது காசு வரும். ‘இன்போசிஸை ஒன்பது காசுக்கு வாங்கினார்கள்’ என்று பேசுகிறவர்களை நாம் கேட்டிருக்கிறோம். அந்த விலைக்கு ஒருவரும் ஒரு நாளும் ஒரு பங்கும் வாங்கியதில்லை. அஃது ஒரு கணக்கின் விடையேயன்றிக் கைமாறிய கிரயமன்று.

இதற்கு நேர்மாறான விஷயமும் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 2021ஆம் வருஷத்தில் எட்டுப் பங்குகளை ஒரு பங்காகச் சேர்த்தது. அங்கே பழைய விலைகளை எட்டால் பெருக்கித் திருத்த வேண்டியதாயிற்று. வகுப்பதோ பெருக்குவதோ, எதுவாயினும் கம்பெனியின் பங்கு வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் விலை வரலாற்றைத் தொடுதல் தகாது.

கம்பெனி தன் தொழிலில் ஒரு பகுதியைத் தனியே பிரித்து வேறு கம்பெனியாக்கும்போதும் இவ்வாறே குழப்பம் உண்டாகும். ரிலையன்ஸ் கம்பெனி 2023ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தன் பணவியாபாரப் பகுதியைப் பிரித்துப் பங்கு ஒன்றுக்குப் புதுக் கம்பெனியின் பங்கு ஒன்று கொடுத்தது. முந்திய நாள் முடிவில் ரூ.2,841.85 ஆக இருந்த விலை, ஜூலை 20ஆம் தேதிக் காலையில் நடந்த விசேஷ வியாபாரத்தில் ரூ.2,580 என்று தீர்ந்தது. குறைந்த ரூ.261.85 நஷ்டமன்று, அதுவே புதுக் கம்பெனிப் பங்கின் விலையாகக் கொள்ளப்பட்டது. ஒரு சட்டியிலிருந்ததை இரண்டு சட்டியில் ஊற்றியதுபோல. இதனை அறியாமல் அந்நாளைய வரிசையை மட்டும் பார்த்தவர் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் நஷ்டம் என்று எழுதிக்கொண்டிருப்பர்.

டிவிடெண்டாகிய லாபப் பங்கைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில பட்டியல்களில் இரண்டு விலைப் பத்திகள் இருக்கும். ஒன்று போனஸுக்கும் பிரிவினைக்கும் மட்டும் திருத்தியது. மற்றொன்று டிவிடெண்டையும் கழித்துத் திருத்தியது. இரண்டாவது பத்தியில் பழைய விலைகள் இன்னும் குறைந்து காணப்படும். வாங்கின டிவிடெண்டையெல்லாம் மறுபடி அதே பங்கில் போட்டிருந்தால் முதல் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அறிவதற்கு அப்பத்தி உதவும். அன்று என்ன கொடுத்து வாங்கினோம் என்று அறிவதற்கு ஒரு சிறிதும் உதவாது. மேலும் நம் நாட்டில் டிவிடெண்டை முகமதிப்பின்மேல் சதவீதமாகச் சொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நூறு சதவீத டிவிடெண்டு என்று கேட்டவுடன் போட்ட பணம் இரட்டித்தது என்று மகிழ்ந்தவர்களை அறிவோம். முகமதிப்பு ரூ.5 ஆனால் நூறு சதவீதம் ஐந்து ரூபாய்தான்.

பங்கு விலையை நாள்தோறும் எழுதிவைக்கும் வழக்கம் எங்கே பிறந்தது என்று பார்த்தால், இலண்டன் நகரத்துக்குப் போக வேண்டும். 1698ஆம் வருஷம் தொட்டு அங்கே ஜான் காஸ்டைங் என்னும் தரகர், ஜொனதன் என்பவருடைய காப்பிக் கடையை இடமாகக் கொண்டு, செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரு விலைத் தாள் அச்சிட்டு வெளியிட்டு வந்தார். ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் பங்கும் இங்கிலாந்து பாங்கியின் பங்கும் அதில் உண்டு. நம் நாட்டை ஆண்ட கம்பெனியின் விலை ஒரு காப்பிக் கடையில் எழுதப்பட்டு வந்தது என்பது நினைத்துப் பார்க்கத்தக்கதே. அத்தாள்களைப் படிப்பவர் இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். விலை என்பது நூறு பவுன் முகமதிப்புக்கு எவ்வளவு என்று குறித்த எண். இரண்டாவது, 1752 வரையில் இங்கிலாந்தில் வருஷம் மார்ச்சு 25இல் பிறந்தது. ஆகவே பழைய தாளில் 1719ஆம் வருஷம் பிப்ரவரி என்றிருப்பது நம் கணக்கில் 1720ஆம் வருஷம் பிப்ரவரியே.

அந்த 1720ஆம் வருஷம் பங்கு வியாபாரச் சரித்திரத்தில் மிகவும் பேர்போனது. தென்கடல் கம்பெனி என்பதன் பங்கு ஜனவரியில் சுமார் 128 ஆக இருந்தது; கோடையில் 1,000ஐ எட்டிப் பிடித்தது; வருஷ முடிவில் 200க்கும் கீழே கிடந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை எடுத்துக் காட்டாத நூல் இல்லை. ஆனால் அந்தக் கோடைக்காலத்து விலைகளில் ஒரு நுட்பம் உண்டு. ஜூன் 22 முதல் ஆகஸ்ட் 22 வரையில் டிவிடெண்டு கணக்கிடுவதற்காகக் கம்பெனி தன் பெயர்மாற்றுப் புத்தகங்களை மூடி வைத்திருந்தது. அவ்விரண்டு மாதங்களில் எவருக்கும் பங்கை எழுதிக்கொடுக்க முடியாது. புத்தகம் திறந்தபின் பங்கையும் பணத்தையும் கைமாற்றுவதாகப் பேசிக்கொண்ட வாயிதா விலைகளே அப்போது தாளில் ஏறின. இன்று ரொக்கத்துக்கு விற்கும் நெல்லின் விலையும், இரண்டு மாதம் கழித்துக் கொடுப்பதாகப் பேசும் நெல்லின் விலையும் ஒன்றாகா என்பது நம் கிராமத்துக் கமிஷன் மண்டிக்காரர் எவருக்கும் தெரியும். ஆகையால் அந்த 1,000 என்னும் எண் பொய்யன்று. அது ரொக்க விலை அன்று, அவ்வளவே.

நம் தேசத்துக்கு வருவோம். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த பஞ்சு நின்றுவிட்டது. பம்பாய்ப் பஞ்சுக்கு என்ன விலை சொன்னாலும் வாங்குவார் இருந்தனர். பணம் வெள்ளமாக வந்து பம்பாயில் பாயவே, பாங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் நாளுக்கொன்றாக முளைத்தன. பின்கடல் தூர்ப்புக் கம்பெனியின் பங்குக்குச் செலுத்திய முதல் ரூ.5,000, அதன் மேல் பிரிமியம் ரூ.50,000 ஆயிற்று. பிரிமியம் என்பது செலுத்திய முதலுக்கு மேற்பட்ட தொகை. ஆகவே கொடுக்க வேண்டிய விலை ரூ.55,000. பிரிமியத்தையே விலை என்று வாசிப்போர் ஐயாயிரத்தை விட்டுவிடுகின்றனர். போர்ட் கானிங் கம்பெனியில் செலுத்திய முதல் ஆயிரத்துக்குப் பிரிமியம் பதினோராயிரம்.

செலுத்திய முதல் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அக்காலத்துக் கம்பெனிகள் பங்கின் முகமதிப்பு முழுவதையும் ஒரே தவணையில் வாங்குவதில்லை. மீதியைக் கம்பெனி எப்பொழுது கேட்டாலும் பங்குக்காரர் கட்ட வேண்டும். ஆகவே விலை வீழ்ந்த பங்கு வெறுங்காகிதமாய்ப் போவதோடு நில்லாமல், மேலும் கடன்காரனாக்கும் காகிதமாகவும் மாறக்கூடும். அந்தப் பொறுப்பு விலைப் பட்டியலில் எழுதப்படுவதில்லை.

1865ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் யுத்தம் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. வாயிதா வியாபாரங்களுக்கெல்லாம் கணக்குத் தீர்க்க வேண்டிய ஜூலை 1ஆம் தேதியன்று, கொடுக்க வேண்டியவர்களால் கொடுக்க முடியாமற்போயிற்று. ரூ.2,850 வரையில் விற்ற பம்பாய் பாங்கியின் பங்கு ரூ.87க்குத்தான் விலைபோயிற்று. அந்தப் பாங்கி 1868இல் மூடப்பட்டு, அதே பெயரைத் தழுவிப் புதிதாக ஒரு பாங்கி ஏற்பட்டது. பெருநஷ்டப்பட்ட தரகர்களே பத்து வருஷத்துக்குப் பின், 1875இல், தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அதுவே இன்றைய பம்பாய்ப் பங்கு மார்க்கெட்.

இங்கே ஒரு கேள்வி. அந்தப் பழைய பம்பாய் பாங்கியின் விலை வரிசையை இன்று எந்தக் கைபேசியிலாவது பார்க்க முடியுமா? பின்கடல் கம்பெனியின் வரிசை எங்கே? இன்று நமக்குக் காட்டப்படும் பட்டியல்கள் இன்றும் உயிரோடிருக்கும் கம்பெனிகளின் பட்டியல்கள். செத்துப்போன கம்பெனி பட்டியலைவிட்டுப் போய்விடுகிறது. ‘முப்பது வருஷத்துக்கு முன் ஆயிரம் ரூபாய் போட்டிருந்தால் இன்று இத்தனை லக்ஷம்’ என்று தரகர்களும் அவர்களுடைய ஏஜெண்டுகளும் நம் வீட்டுத் திண்ணையில் வந்து காட்டும் சித்திரங்களெல்லாம் பிழைத்தவர்களின் ஜாதகமே. 1993இல் இன்போசிஸோடு கூடப் பங்கு வழங்கிய கம்பெனிகள் எத்தனையோ. அவற்றின் சித்திரத்தை ஒருவரும் கொண்டுவந்து காட்டுவதில்லை. இவ்விஷயத்தில் நமக்குச் சற்றுக் கோபமும் உண்டு. ஏனெனில் நம் சமூகத்து விதவைகள் சிலர் இச்சித்திரங்களை நம்பியே பாங்கியிலிருந்த பணத்தை எடுத்தனர்.

சித்திரத்தைப் பற்றியே இன்னொன்று. விலையைக் கோடாக வரையும்போது ரூபாய்க்கு ரூபாய் சம இடைவெளி விட்டு வரைந்தால், இன்போசிஸின் முதல் பத்து வருஷமும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். 2003ஆம் வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி ஒரே நாளில் அப்பங்கு நாலிலொரு பாகத்துக்கு மேல் வீழ்ந்தது. அன்று பங்கு வைத்திருந்தவர்கள் இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். மேற்சொன்ன சித்திரத்திலோ அந்த இடத்தில் ஒரு நெளிவும் தென்படாது. இரட்டிப்புக்கு இரட்டிப்பு சம இடைவெளி விட்டு வரைந்த சித்திரத்தில்தான் பழைய வீழ்ச்சிகள் கண்ணுக்குத் தெரியும். அத்தகைய சித்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நலம்.

விலை எந்த நாணயத்தில், எந்தக் காலத்து வாங்கும் சக்தியில் சொல்லப்பட்டது என்பதும் பார்க்கத்தக்கது. 1957ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்துக்கு முன் நம் பத்திரிகைகளில் 52-8 என்று பங்கு விலை இருந்தால், அது ஐம்பத்திரண்டு ரூபாய் எட்டணா. இன்றைய எழுத்தில் 52.50. பாட்டனார் காலத்து நறுக்குகளைக் கொண்டு கணக்குப் பார்த்தவர் ஒருவர் 52.08 என்று எழுதியதை நாம் கண்டதுண்டு. இஃது அற்பம். பெரிய விஷயம் பணத்தின் மதிப்பு. அமெரிக்காவில் டோ ஜோன்ஸ் குறியெண் 1929ஆம் வருஷம் செப்டம்பர் 3ஆம் தேதி 381.17 ஆக இருந்து, 1932ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி 41.22க்கு இறங்கியது. பழைய உயரத்தை அது மீண்டும் தாண்டியது 1954 நவம்பர் மாதத்தில். இருபத்தைந்து வருஷம் முதல் முடங்கிற்று என்று இதனைக் கொண்டு பேசுவது வழக்கம். ஆயினும் 1930க்கு அடுத்த வருஷங்களில் அங்கே பண்டங்களின் விலையும் இறங்கியது, டிவிடெண்டும் வந்துகொண்டிருந்தது. அவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மீட்சிக் காலம் மிகக் குறுகும். நம் நாட்டு வரிசைகளில் நிலைமை எதிரிடை: இங்கே பண்டங்களின் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, ஆதலால் முப்பது வருஷத்துக்கு முந்திய ரூபாயோடு இன்றைய ரூபாயை வைத்து லாபம் பார்ப்பவர் தம் லாபத்தை மிகுத்தே காண்பர்.

இத்தனை தடைகளையும் சொன்ன பிறகு, பழைய விலையால் பிரயோஜனம் என்ன என்று கேட்கலாம். நாளை விலை ஏறுமா இறங்குமா என்று சொல்ல அதனால் முடியாது என்பதே நம் அபிப்பிராயம். நேற்றைய விலைக் கோட்டின் வளைவைப் பார்த்து நாளைய விலையைச் சொல்வோரை நாம் மறுத்துப் பேச வரவில்லை. நம் குடும்பங்களின் பணத்தை அவர்களிடம் கொடுக்க நாம் உடன்படோம். பழைய விலையின் மெய்யான உபயோகம் கணக்கும் வழக்கும் தீர்ப்பதில் உள்ளது. ஒரு கம்பெனிப் பங்கு கெட்ட காலத்தில் எவ்வளவு தாழ்ந்தது, எத்தனை வருஷம் தாழ்ந்தே கிடந்தது என்று பார்த்து, அந்த நஷ்டத்தை நம் குடும்பம் தாங்குமா என்று யோசிப்பதிலும் உள்ளது.

வருமான வரி விஷயத்தில் பழைய விலை தவறாமல் வேண்டியிருக்கிறது. 2018ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தின்படி, 2018 ஜனவரி 31ஆம் தேதிக்குள் வாங்கிய மார்க்கெட் பங்குகளை விற்று நீண்டகால லாபம் காண்பவர், அந்நாளில் மார்க்கெட்டில் நடந்த மிக உயர்ந்த விலையைக் கணக்கில் கொள்ள இடமுண்டு. அவ்விலைக்கும் விற்ற விலைக்கும் எது குறைவோ அதனை எடுத்து, அஃது அசல் கிரயத்தைவிட மிகுதியானால் அதனையே கிரயமாக வைத்துக்கொள்ளலாம். தகப்பனாரிடமிருந்து வந்த பங்குகளுக்குத் தகப்பனார் வாங்கிய கிரயமும் தேதியுமே கணக்கு. இங்கேதான் திருத்திய விலை பெருந்தீங்கு செய்யும். நம் அங்கத்தினரின் விஷயத்தையே பார்ப்போம். 2018 ஜனவரி 31இல் அவரிடம் இருந்தவை 2,560 பங்குகள். அவ்வருஷம் செப்டம்பரில் வந்த போனஸ் 2,560 அதற்குப் பிற்பட்டவையாதலால் அவற்றுக்குக் கிரயம் ஒன்றுமில்லை. இன்றைய திருத்திய பட்டியலில் அந்த ஜனவரி விலை பாதியாகக் குறைந்து நிற்கும். அதனை 2,560க்கு மட்டும் இட்டால் வரி அதிகம் கட்ட நேரும். அன்றைய அசல் விலையை 5,120க்கும் இட்டாலோ வரி குறைவாகக் காட்டிய குற்றம் வரும். அன்று உள்ளபடி நடந்த விலையை, அன்று இருந்த பங்குகளுக்கே இட வேண்டும். அசல் விலையை மார்க்கெட்டின் அந்நாளைய அறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கைபேசிப் பட்டியலிலிருந்து எடுக்கலாகாது.

சென்னையில் மட்டும் வியாபாரமான கம்பெனிகளின் பங்குகளை வைத்திருந்த குடும்பங்களுக்கு இதிலும் கஷ்டம் உண்டு. சென்னைப் பங்கு மார்க்கெட் 1920இல் தோன்றி, இடையில் தளர்ந்து, 1937இல் மறுபடி அமைக்கப்பட்டு, 2015இல் தன் தொழிலை விட்டது. அங்கே நடந்த விலைகளுக்குப் பழைய பத்திரிகைகளும் வீட்டுக் கணக்குகளுமே பல வேளைகளில் சாட்சி. ஆகவே தரகர் கொடுத்த சீட்டு, பங்கு ஒதுக்கிய கடிதம், போனஸ் அறிவிப்பு, டிவிடெண்டுத் துண்டு ஆகியவற்றைப் பழங்காகிதம் என்று எறிந்துவிடலாகாது. ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்டு வாங்கப்படாமல் கிடந்தால், அந்தப் பங்குகளே சர்க்காரின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகின்றன. மீட்க வழியுண்டு, காகிதங்கள் இருந்தால் அவ்வழி சுருங்கும்.

இனி அந்தத் தமையன் தங்கையர் விஷயம். தமையனாரை ஆள் அனுப்பி அழைத்துவந்து, அவர் முன்னிலையில் 1994 முதல் 2018 வரையில் கணக்கை மறுபடி ஒருமுறை போட்டுக் காட்டினோம். தங்கையார் தாமே பென்சிலை வாங்கி 512ஆல் பெருக்கிப் பார்த்தார். பிறகு கணக்குப் புத்தகத்தை இழுத்து அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தார். ரூ.4,750 கொடுத்தவருக்குப் பங்கில் பாதி சேருமா, கொடுத்தது கடனா அல்லது மகன் செய்த உதவியா என்பது சட்டம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டியது. அதில் நாம் தலையிடவில்லை. பக்கம் பொய்யன்று என்பது மட்டும் தீர்ந்தது. இப்பொழுது அவர்கள் பேசிக்கொள்கிறார்கள், வக்கீல் வைக்கவில்லை.

அதே புத்தகத்தில், அதே மாதத்தில், வேறொரு கம்பெனியில் தகப்பனார் ரூ.10,000 போட்ட பற்றும் இருந்தது. அதற்குரிய பங்குச் சீட்டு பெட்டியின் அடியில் புத்தம்புதிதாகக் கிடக்கிறது. அதற்கு என்ன விலை என்று தமையனார் நம்மைக் கேட்டார். எல்லாப் பட்டியல்களிலும் தேடினோம். அந்தப் பெயரில் ஒரு வரியும் இல்லை. சீட்டைத் திருப்பி அவரிடமே கொடுத்தோம்.